சத்திரத்து ஊரில் சாத்திய கதவுகள்



2025ஆம் ஆண்டு மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவர், தம்மை நாடு கடத்த வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தின் படியேறினார். வழக்கொன்றில் தண்டனை பெற்று, சிறையிலிருந்து அதை அனுபவித்து முடித்தவர். மனைவி மக்கள் இந்தியாவில் இருக்கிறார்கள்; திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்றார். நீதிபதிகள் மனுவை ஏற்கவில்லை. அதோடு நிற்காமல், உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களை வைத்துப் போஷிக்க இது சத்திரம் அல்ல, நாமே 140 கோடிப் பேரோடு திணறிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருள்பட வாய்மொழியாகவும் சொன்னார்கள்.

சட்டத்தை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமது சண்டை அந்தச் சொல்லோடு. டில்லியில் உதிர்ந்த அந்தச் சொல்லை நம்மவர்களிலேயே சிலர் அள்ளி மடியில் கட்டிக்கொண்டார்கள். "சரியாத்தானே சொன்னாங்க? நமக்கே இங்க வழியில்லை. இதுல அகதிக்கு வேற யாரு பார்க்கிறது?" என்று டீக்கடையில் பேசுகிறவர் யார்? சேட்டா? மிராசுதாரா? இல்லை. பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்து, சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் தமிழ்த் தொழிலாளி!

அவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

சத்திரம் என்ன கேவலமான சொல்லா?

திருப்பதியில் இருந்துகொண்டு சத்திரத்தை இளக்காரமாகப் பேசுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ரயிலடிக்கு எதிரே நெடுங்காலம் நின்ற கோவிந்தராஜ சத்திரங்கள் யாருக்காகக் கட்டப்பட்டவை? ஊர் பேர் தெரியாதவனுக்காக! அங்கே வந்து படுத்தவனிடம் எந்த நாடு, எந்த ஜாதி, எத்தனை நாள் என்று கேட்டா பாய் விரித்தார்கள்? 1985இல் திருமலையில் நித்திய அன்னதானம் தொடங்கியது. அந்தப் பந்தியிலே உட்காருகிறவனிடம் குடியுரிமைச் சான்று கேட்பதுண்டா? இந்த ஊரின் ஓட்டல், லாட்ஜ், ஜீப், பூக்கடை, மொட்டை அடிக்கும் கொட்டகை எல்லாமே வந்தவனுக்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. நம் அடுப்பு எரிவதே அதனால்தான்.

வழிப்போக்கனுக்குத் திண்ணையும் தண்ணீரும் வைப்பது தருமம் என்று வளர்ந்த சமுதாயம் இது. கணியன் பூங்குன்றனின் வரியை மேடைதோறும் முழங்குகிறோம். பொங்கல் மலரில் அச்சடிக்கிறோம். பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பரிசு கொடுக்கிறோம். அந்த வரியின் சொந்தக்காரர்கள் என்று மார் தட்டுகிறவர்கள், வாசலில் ஓர் அகதி வந்து நின்றால் மட்டும் "வீடு காலி இல்லை" என்கிறோம். பாட்டு மேடைக்கு, பூட்டு வீட்டுக்கு! இது எந்த ஊர் நியாயம்?

நாம் யார்? கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்

நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், குப்பத்துக் கருங்கல் குவாரியில் உளி பிடிக்கிறவர்கள், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளில் மாங்காய் அறுக்கும் பெண்கள், ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள், திருப்பதியில் டீ மாஸ்டர், சித்தாள், ரூம்பாய். இதுதான் நாம். வந்த புதிதில் "இல்லு காலி லேது" என்ற பதிலைக் கேட்காதவர் நம்மில் யார்? "அரவவாள்ளு" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுவதைக் கேட்காதவர் யார்? இந்த மண்ணில் தமிழ் ஒன்றும் நேற்று வந்ததல்ல. சித்தூர் மாவட்டமே 1911இல், வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்த தாலுக்காக்களைச் சேர்த்து உண்டாக்கப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் தேதியில் திருத்தணி அந்தப் பக்கம் போனது. சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. கோடு நகர்ந்ததே தவிர ஜனங்கள் நகரவில்லை. கோட்டை வைத்து மனிதனை அளப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

யுத்தத்துக்கு அஞ்சி ஓடுவதும் நமக்குப் புதிதல்ல. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலியும், வயலிலும் கடையிலும் உழைத்த தமிழனும் ஒரே காட்டு வழியில் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேர்! காலராவிலும் பசியிலும் மலைச்சரிவிலும் விழுந்தவர்கள் ஆயிரம் ஆயிரம். அந்த ஓட்டத்திலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பிரித்தது அன்றைய சர்க்கார். அப்படி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு மொழியிலும் இன்று இருக்கிறார்கள்.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அந்த வாரமே சென்னைப் பட்டணம் காலியாகத் தொடங்கியது. அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரே அறிவித்தது. யாருக்கு உள்நாட்டில் ஓர் உறவு, ஒரு தெரிந்த முகம் இருந்ததோ அவர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். அன்று உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் "இது சத்திரம் அல்ல" என்று கதவடைத்திருந்தால் பட்டணத்து ஜனங்கள் எங்கே போயிருப்பார்கள்?

1964ஆம் ஆண்டு சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1948இலேயே குடியுரிமை பறிக்கப்பட்டுக் கிடந்த மலையகத் தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். கேட்டார்களா அவர்களை? ஆடுமாடு பங்கு பிரித்ததைப் போலப் பிரித்தார்கள்! பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஆக, வந்தவனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அரசாங்கமே ஒரு காலத்தில் ஒப்புக்கொண்ட கடமை. யாரோ போட்ட பிச்சை அல்ல.

கருணை வேறு, துணிவு வேறு

ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுவோம். எல்லோரும் கைதட்டும்போது இரக்கப்படுவது சுலபம். 1983இல் தமிழ்நாடு முழுவதும் கடையடைத்தது, ஊர்வலம் போனது, உண்டியல் குலுங்கியது. நல்லதுதான். அன்று இரங்காதவனைத்தான் ஊர் ஏசியிருக்கும். ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, ஒருவன் தன் வாசலில் தனியாக நின்று "இவர்கள் என் வீட்டில் இருப்பார்கள்" என்று சொல்கிறானே, அங்கேதான் துணிவு தொடங்குகிறது.

அந்தத் துணிவை 1983 ஜூலையில் காட்டியவர்கள் யார் தெரியுமா? சிங்களவர்கள்!

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பு பற்றி எரிந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தது காடையர் கூட்டம். வாளிக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று கேட்டு, நாக்குப் புரளும் விதத்தை வைத்து ஆளை இனம் பிரித்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 25, 27 ஆகிய இரண்டு நாளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். போலீசும் பட்டாளமும் பல இடங்களில் வேடிக்கை பார்த்தன.

அந்த நேரத்தில் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் பக்கத்து வீட்டுத் தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டன. கட்டிலுக்கடியிலும் அடுக்களை மூலையிலும் மறைத்தன. வாசலில் பெட்ரோல் டின்னோடு நின்ற கூட்டத்திடம் "இங்கே தமிழர் யாரும் இல்லை" என்று பொய் சொன்னார்கள். ஒரு குழந்தை உள்ளே அழுதிருந்தால் போதும், அந்த வீடும் எரிந்திருக்கும். தீமை இல்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் வரிசையில் சேரும் என்று வள்ளுவர் வகுத்தாரே, அந்த இலக்கணத்துக்கு உயிரைப் பணயம் வைத்து உதாரணம் காட்டியவர்கள் குறளைப் படித்திராத அந்தச் சிங்களத் தாய்மார்கள்.

அவர்களுக்குச் சிலை இல்லை. பெரும்பாலோர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் உயிர் பிழைத்து வந்த தமிழரிடம் கேளுங்கள். கொளுத்தியவனைச் சொல்லும் அதே வாய் காப்பாற்றியவனையும் சொல்லும். இனம் முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டி ஏசுகிறவர்கள் இதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக் கறை

பிறர் துணிவைப் பாராட்டினால் போதாது. நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த துணியோடு நடந்தார்கள். அவர்கள் பேசிய மொழி தமிழ்! அவர்கள் பிள்ளைகள் படித்த பாடம் தமிழ்! பக்கத்து வீட்டுத் தமிழரில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் வாய் திறக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. 2002இல் புலிகள் தரப்பே அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு அகதி வாழ்க்கையை ஒரு வார்த்தையால் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா?

அப்படி வந்தவர்களில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது புத்தளம். அது பணக்கார ஊர் அல்ல. கிணற்றுத் தண்ணீரையும் பள்ளிக்கூடத்தையும் கூலி வேலையையும் வந்தவர்களோடு பங்கு போட்டுக்கொண்டார்கள் அந்த ஊர் ஏழைகள். பிறகு மனத்தாங்கல் வந்ததும் உண்மை. வராதா? ஒரு கிணற்றில் இரண்டு ஊர் தண்ணீர் எடுத்தால் வாய்ச்சண்டை வரத்தான் செய்யும். சண்டை வந்தும் விரட்டவில்லை என்பதே புத்தளத்தின் பெருமை.

இன்னொன்று. 2015 மே மாதம் ரோஹிங்கியா அகதிகளை ஏற்றிய படகுகள் அந்தமான் கடலில் திக்குத் தெரியாமல் மிதந்தன. கரையில் இறங்க விடாமல் ஒரு நாடு இன்னொரு நாட்டை நோக்கித் தள்ளியது. இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுபோய், மூழ்கிக்கொண்டிருந்தவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். உதவாதீர்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் சேர்த்தார்கள். கடலில் தத்தளிப்பவனைக் கண்டால் கை கொடுப்பது அவர்கள் தொழிலின் சட்டம். ஏழை, கூலி, மீனவன், நம்மைப் போன்றவன்! வசதி வந்த பிறகுதான் தருமம் செய்ய முடியும் என்கிறவர்களுக்கு அந்த மீனவன் சொன்ன பதில் போதாதா?

இங்கே என்ன நடந்தது?

மண்டபம் முகாமின் கதையே ஒரு பாடம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் முன்னோரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏற்றுமதி செய்ய, அடைத்து வைத்துச் சோதித்த இடம் அது. 1983 ஜூலைக்குப் பிறகு அதே மண்டபத்தில்தான் உயிர் தப்பி வந்தவர்கள் இறங்கினார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்! ராமேசுவரத்துக் கடலோர மக்கள் அன்று கஞ்சியும் துணியும் கொடுத்தார்கள். 1983 முதல் 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது அரசாங்கக் கணக்கு.

பிறகு 1991 மே 21 வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் கேட்கிறோம்: அந்தக் கொலைக்கும், முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? மறுநாளிலிருந்து ஒவ்வோர் அகதியும் குற்றவாளியாகப் பார்க்கப்பட்டான். கல்லூரியில் கொடுத்திருந்த இடங்கள் பறிக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் படலம் தொடங்கியது. 1983இல் உண்டியல் குலுக்கிய கைகளில் பல 1991இல் பைக்குள் போய்விட்டன. அந்த நாட்களில் எவன் அகதிக்கு வீடு விட்டானோ, எந்த வாத்தியார் அகதிப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்தாரோ, அவர்கள்தாம் மனிதர்கள். தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக உழைத்த அமைப்பு. கெட்ட காலத்திலும் அது கலைந்துவிடவில்லை என்பதை மரியாதையோடு நினைவு கூர்வோம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே 34,087 பேர். "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். புது வீடுகள் கட்டப் பணம் ஒதுக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறினால் நிலை மாறுமா? முகாமில் பிறந்து, முகாமில் கலியாணம் செய்து, முகாமில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் இன்னும் அந்நியர்! 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை. 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் அதற்கு விதிகளும் வந்தன. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த முஸ்லிம் அல்லாதார்க்கு மட்டும் வழி திறந்தது. ரோஹிங்கியா முஸ்லிமுக்கும் இல்லை. கோயில் கட்டிக் கும்பிடும் இலங்கைத் தமிழ் இந்துவுக்கும் இல்லை! மதத்தின் பெயரால் சட்டம் செய்தவர்களின் கண்ணுக்குத் தமிழன் எந்த மதத்தவனாகவும் தெரியவில்லை போலும்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் போராடி வென்றார். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்ற சட்டமே அவருக்குக் கை கொடுத்தது. 2024 தேர்தலில் அவர் திருச்சியில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். வயது 38! அவருக்குப் பிறகு பிறந்த தம்பி தங்கைகளுக்கு அந்த வழியும் இல்லை. ஒரே முகாம், ஒரே கூரை, ஒரே தாய். மூத்தவள் இந்தியர், இளையவன் அந்நியன். இதை நியாயம் என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

ஏழை நாடு என்ற சாக்கும் எடுபடாது. 1971இல் நம் நாடு இன்றைவிட எவ்வளவோ ஏழை. அன்று கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். அவர்களுக்காக அந்த ஆண்டு நவம்பர் முதல் கடிதத்துக்கு 5 பைசா அகதி நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்றார்கள். ஊருக்குக் கடிதம் எழுதிய கூலிக்காரனும் அந்த 5 பைசாவைக் கொடுத்தான். முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்தான்!

மூன்று ஆட்சேபங்கள்

"மாதாமாதம் சும்மா பணம் வாங்குகிறார்கள்" என்கிறார்கள். எவ்வளவு? 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. தலைவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். திருப்பதியில் இதற்கு எத்தனை இட்டிலி வரும் என்று ஓட்டல் தோழர்கள் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

"குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைக் கெடுக்கிறார்கள்" என்கிறார்கள். இதே வார்த்தையை நம்மைப் பற்றி உள்ளூர்த் தெலுங்குத் தொழிலாளி சொல்லவில்லையா? குறைந்த கூலிக்கு அவன் ஏன் வருகிறான்? கையில் சீட்டு இல்லை. மேஸ்திரியை எதிர்த்தால் போலீசில் மாட்டிவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்து லாபம் அடிப்பவன் காண்ட்ராக்டர்! கோபப்பட வேண்டியது யார் மேல்? பெயிண்ட் அடிக்க வரும் அகதிப் பையனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று நாம் நின்றால், அவனைக் காட்டி நம் கூலியை வெட்ட எந்த மேஸ்திரியாலும் முடியாது. அவனை விரட்டினால் மேஸ்திரி இன்னொரு திக்கற்றவனைத் தேடிக்கொள்வான்.

"போலீஸ் தொல்லை வரும்" என்கிறார்கள். இந்தப் பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் குடும்பப் பெண்ணுக்கு ராத்திரியில் கதவு தட்டும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் 2015 ஏப்ரல் 7ஐ மறந்துவிட்டீர்களா? நம் ஊருக்குப் பக்கத்துச் சேஷாசலக் காட்டில் திருவண்ணாமலை, தர்மபுரி முதலான மாவட்டங்களைச் சேர்ந்த 20 தமிழ்க் கூலிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரக் கடத்தல்காரரோடு மோதல் என்றது போலீஸ். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். அதன் பிறகு எத்தனை நாள் நாம் பேருந்தில் தமிழ் பேசவே பயந்தோம்! கொழும்பில் வாளிக்குப் பெயர் கேட்டார்கள். இங்கே லுங்கியையும் பேச்சையும் பார்த்தார்கள்.

அன்று உயர்நீதிமன்றத்துக்குப் போனது யார்? ஆந்திரப் பிரதேச சிவில் லிபர்டீஸ் கமிட்டி! தெலுங்கர்கள்! "செத்தவன் அரவவாடு, நமக்கென்ன?" என்று அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். சொந்த மாநிலப் போலீசையும் பத்திரிகைகளில் ஒரு பகுதியையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் செத்தவன் மனிதன் என்று சொன்னார்கள். அந்த இருபது குடும்பங்களுக்காகத் தெலுங்கர் காட்டிய துணிவை, இன்னொரு திக்கற்றவனுக்கு நாம் காட்டினால்தான் அந்தக் கடன் தீரும்.

சட்டத்தை மீறச் சொல்லவில்லை. மீற வேண்டிய அவசியமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயிருக்குத் தரும் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் அல்ல, எல்லா மனிதருக்கும் உண்டு என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு செய்துகொண்ட அகதிக்கு அடையாள அட்டை உண்டு. முகாமைவிட்டு வெளியே தங்க அனுமதி வாங்க வழி உண்டு. அட்டையைப் பார்த்துக்கொண்டு, முறைப்படி தகவல் கொடுத்து, கூடவே ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் வந்தால் பாதித் தொல்லை தீரும். தனி ஆள் போனால் அதட்டுவார்கள். சங்கம் போனால் உட்காரச் சொல்வார்கள். இது நாம் கண்ட அனுபவம்தானே!

என்ன செய்யப் போகிறோம்?

அழுதுவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நான்கு தீர்மானங்களைக் கொண்டுவரக் கோருகிறோம்.

ஒன்று: வீடு தேடி வரும் அகதிக் குடும்பத்துக்கு, "தெரிந்தவர்" என்று வீட்டுக்காரரிடம் நம் உறுப்பினர் ஒருவர் நின்று சொல்ல வேண்டும். நமக்காக ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அப்படிச் சொன்னதால்தான் நாம் இங்கே இருக்கிறோம்.

இரண்டு: வேலைத்தலத்தில் அகதித் தொழிலாளிக்கும் நமக்கும் ஒரே கூலி. குறைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் அவனுக்காக நாம் பேச வேண்டும். அவனைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது.

மூன்று: "அகதி" என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்துவதை நம் வீட்டிலும் பிள்ளைகள் வாயிலும் நிறுத்த வேண்டும். அகதிப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்குச் சங்கத்துப் பெண்கள் கூடப் போக வேண்டும். இதில் அக்காமார்களுக்கு உள்ள சாமர்த்தியம் ஆண்களுக்கு வராது.

நான்கு: முப்பது நாற்பது ஆண்டுகளாக இங்கே வாழ்கிறவர்களுக்கும், இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும், விரும்பினால் இந்தியக் குடியுரிமை வழங்க வேண்டும், மதம் பாராத ஓர் அகதிகள் சட்டம் வேண்டும் என்று மத்திய அரசுக்கு நாம் எழுத வேண்டும். இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறவரை மரியாதையோடு அனுப்ப வேண்டும்; விரும்பாதவரைத் தள்ளக் கூடாது.

இந்த நான்கும் தமிழ் பேசும் அகதிக்கு மட்டுமா என்று கேட்டால், இல்லை என்பதே நம் பதில். சொந்தக்காரனுக்குச் சோறு போடுவது உறவுமுறை, அது அறமாகிவிடாது. கொழும்பில் கதவு திறந்த சிங்களத் தாய்க்கு உள்ளே வந்தவர்கள் சொந்தமா? உயர்நீதிமன்றம் போன தெலுங்கருக்குச் சேஷாசலத்தில் செத்தவர்கள் உறவா? நாளைக்கு நம் வாசலில் பர்மாக்காரனோ வங்காளியோ வந்து நின்றாலும் இதே தீர்மானம்தான்.

எதிர்ப்பு வரும். நம் ஆட்களிடமிருந்தே முதலில் வரும். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்பார்கள். சந்தாவை நிறுத்துவேன் என்பார்கள். சொல்லட்டும். எதிர்ப்பே வராத இடத்தில் காட்டுவது துணிவு அல்லவே! கூட்டத்துக்கு வாருங்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் வாருங்கள். உங்கள் முகத்துக்கு நேரே பதில் சொல்கிறோம். ஆனால் தீர்மானத்துக்குக் கை தூக்கும் நேரத்தில், நாம் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில் யார் நமக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு கை தூக்குங்கள்.